சந்தியாகப்பரின் கல்லறை வாயிலில்

எம் பங்கின் கோயில்பிள்ளையின் பெயர் சந்தியாகு. கடலோர ஊர் ஒன்றில் பிறந்தவர். நாற்பது ஆண்டுகளாகக் கோயில் மணியடித்து, பீடம் துடைத்து, திரி ஏற்றி வருபவர். உரோமை நகரில் குருக்களுக்கான புத்தாக்கப் பயிற்சி ஒன்றுக்கு நாங்கள் புறப்பட்டபோது, பயிற்சி முடிந்ததும் இஸ்பானிய நாட்டிலுள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா நகருக்கும் செல்ல எண்ணியிருப்பதாக அவரிடம் கூறினோம். கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாமி, நம்ம சந்தியாகப்பர் நெசமாவே அங்கதான் இருக்காரா? பாத்துட்டு வந்து சொல்லுங்க."

குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்றோருக்கு இக்கேள்வி புதிதன்று. தேர்வுத்தாளில் அதற்கு இரண்டு பக்கம் விடை எழுதியிருக்கிறோம். ஆனால் தம் பெயரையே அப்புனிதரிடமிருந்து பெற்ற ஒரு முதியவரின் முகத்தைப் பார்த்து விடை கூறுவது வேறு. 'ஆம்' என்று சொல்லிவிட்டால் வரலாற்றுக்கு நாம் உண்மையாயிருக்க மாட்டோம். 'தெரியாது' என்று மட்டும் சொல்லிவிட்டாலோ, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அக்கல்லறையை நோக்கி நடந்த கோடிக்கணக்கான கால்களுக்கு உண்மையாயிருக்க மாட்டோம். இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நாங்கள் மூன்று குருக்கள் அந்த நகரை நோக்கிப் பயணமானோம்.

பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. இலத்தீன் மொழியில் 'புனித யாக்கோபு' என்று பொருள்படும் சொற்கள் இஸ்பானியர், போர்த்துக்கீசியர் நாவில் உருண்டு 'சந்தியாகோ' ஆயின. போர்த்துக்கீசியக் கப்பல்களோடு நம் கரைகளை அடைந்த அப்பெயர் சந்தியாகு என்றும் சந்தியாகப்பர் என்றும் தமிழாயிற்று. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் 1647ஆம் ஆண்டிலேயே இத்திருத்தூதர்மேல் 'சந்தியோகுமையோர் அம்மானை' என்னும் நூலை இயற்றினார். 'மையோர்' என்பது 'பெரிய' எனப் பொருள்தரும் 'மாயோர்' என்ற சொல்லின் திரிபு. பெரிய யாக்கோபு, அதாவது செபதேயுவின் மகன், யோவானின் உடன்பிறந்தவர். ஆகவே கொம்போஸ்தேலா நமக்கு முற்றிலும் அயலூர் அன்று.

மலைப் பங்கின் குரு

இடைக்காலம் முதல் ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் கொம்போஸ்தேலாவுக்குப் பாதைகள் உண்டு. அவற்றுள் மிக அதிகமானோர் நடப்பது பிரெஞ்சுப் பாதை எனப்படுவது. பிரான்சு நாட்டின் எல்லையோரத்திலிருந்து பிரினேய மலைகளைக் கடந்து, பம்ப்லோனா, பூர்கோஸ், லெயோன் ஆகிய நகரங்கள் வழியாக ஏறத்தாழ 780 கி.மீ. செல்லும் பாதை அது. முழுப் பாதையையும் நடக்க ஒரு மாதத்திற்கு மேல் வேண்டும். எமக்கு அத்தனை நாள்களும் இல்லை, ஐம்பதைக் கடந்த முழங்கால்களில் அத்தனை வலுவும் இல்லை. எனவே கலீசியா மாநிலத்தின் நுழைவாயிலான ஓ செப்ரெய்ரோ என்னும் மலைச் சிற்றூரிலிருந்து, இறுதி 150 கி.மீ. தொலைவை மட்டும் நடக்கத் தீர்மானித்தோம்.

செப்ரெய்ரோ ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. வட்டமான கற்சுவரின்மேல் வைக்கோல் வேய்ந்த பழைய குடில்கள் சில அங்கு இன்றும் நிற்கின்றன. கோயில் சிறியது, மிகப் பழையது. அதன் அருகே ஒரு குருவின் மார்பளவுச் சிலை இருக்கிறது. எலியாஸ் வாலிஞா என்பது அவர் பெயர். அச்சிலையின் முன்தான் எங்கள் பயணத்தின் முதல் பாடம் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பாதை ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. எங்கே திரும்புவது, எந்த ஓடையைக் கடப்பது என்று சொல்ல ஆளில்லை. பல இடங்களில் பாதை உழவு நிலமாகவும் முட்புதராகவும் மாறிவிட்டது. இந்நிலையில் செப்ரெய்ரோவின் பங்குத்தந்தையான வாலிஞா இப்பாதையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வோடு நிறைவடையாமல், 1980களில் தம் பழைய சிற்றுந்தில் மஞ்சள் வண்ணக் கலயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சாலைப் பணிகளில் எஞ்சிய வண்ணம் அது என்பர். பாறைகளிலும் மரங்களிலும் வீட்டுச் சுவர்களிலும், திருப்பயணி குழம்பக்கூடிய ஒவ்வொரு திருப்பத்திலும் மஞ்சள் அம்புக்குறி வரைந்தார். பாதையோர ஊர்களின் மக்களையும் குருக்களையும் அதற்குத் துணை சேர்த்தார்.

1980களின் நடுவில் ஆண்டொன்றுக்குச் சில நூறோ ஓரிரு ஆயிரமோ பேர்தாம் நடந்து வந்தனர். 1987இல் ஐரோப்பிய மன்றம் இதனை முதலாவது ஐரோப்பியப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 1989 ஆகஸ்டு மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொம்போஸ்தேலாவில் உலக இளையோர் நாளைக் கொண்டாடினார். 1993இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பாதையை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2019இல் ஏறத்தாழ 3,47,000 பேரும், 2024இல் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரும் பயணச் சான்றிதழ் பெற்றுள்ளனர். வாலிஞா இவற்றில் பெரும்பகுதியைக் காணவில்லை. 1989ஆம் ஆண்டிலேயே இறைவனடி சேர்ந்தார். எட்டு நாள்களும் அவருடைய அம்புக்குறிகளைப் பின்பற்றியே நாங்கள் நடந்தோம். மறையுரையில் ஆயிரம் சொற்களால் நாம் செய்ய முயல்வதை இம்மலைப் பங்கின் குரு ஒரு தூரிகையால் செய்துவிட்டாரே என்று எம்முள் ஒருவர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கலீசியாவில் மழை அதிகம். கற்சுவர்களில் பாசி படர்ந்திருக்கிறது. தானியத்தை எலியும் ஈரமும் அண்டாதபடி தூண்களின்மேல் அமைத்த சிறு களஞ்சியங்கள் வீட்டுக்கு வீடு உண்டு. போர்த்தோமரீன் என்னும் ஊரில் ஒரு விந்தை: 1960களில் அணை கட்டியபோது பழைய ஊர் நீரில் மூழ்கவிருந்ததால், கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, மேட்டில் மீண்டும் கட்டினர். சில கற்களில் அந்த எண்கள் இன்னும் தெரிகின்றன. நகரை நெருங்குகையில் நம் நீலகிரியில் காணும் தைலமரங்கள் வரிசையாக எதிர்ப்பட, ஒரு கணம் எந்த நாட்டில் நடக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. இறுதியில் 'மகிழ்ச்சி மலை' எனப் பொருள்படும் மோந்தே தோ கோசோ. பழங்காலத் திருப்பயணிகள் பேராலயத்தின் கோபுரங்களை முதன்முதலில் கண்டு முழந்தாளிட்ட மேடு அது. அங்கிருந்து பேராலயம் ஏறத்தாழ ஐந்து கி.மீ.

விண்மீன் வயல்

ஒப்ரதோய்ரோ என்னும் பெருஞ்சதுக்கத்தில் நுழைந்ததும் கால்கள் தாமே நின்றுவிடுகின்றன. எதிரே பேராலயத்தின் முகப்பு. 1738 முதல் 1750 வரை எழுப்பப்பட்டது. சதுக்கத்துக் கற்களின்மேல் திருப்பயணிகள் முதுகுப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். சிலர் அழுதனர், சிலர் காலணிகளைக் கழற்றிக் கொப்புளங்களை எண்ணிக்கொண்டிருந்தனர். நாங்களும் அமர்ந்தோம். கோயில்பிள்ளையின் கேள்வி எம்முடன் அமர்ந்தது.

திருநூல் இத்திருத்தூதரைப் பற்றி நமக்குக் கூறுவது தெளிவானது. கலிலேயக் கடலோர மீனவர். தந்தையையும் படகையும் விட்டு ஆண்டவரைப் பின்தொடர்ந்தவர். உருமாற்ற மலையிலும் கெத்சமனித் தோட்டத்திலும் உடனிருந்த மூவருள் ஒருவர். இடியின் மக்கள் என்று ஆண்டவரால் பெயரிடப்பட்ட சகோதரர்களில் மூத்தவர். தங்களை ஏற்காத சமாரிய ஊரின்மேல் வானத்திலிருந்து நெருப்பை வரவழைக்கலாமா என்று கேட்டுக் கடிந்துகொள்ளப்பட்டவர். ஆண்டவரின் மாட்சியில் வலப்புறமும் இடப்புறமும் அமர இடம் கேட்டு, இருக்கைக்குப் பதிலாகத் துன்பக் கிண்ணத்தைப் பெற்றவர். முதலாம் ஏரோது அகிரிப்பா ஏறத்தாழ கி.பி. 44இல் அவரை வாளால் கொன்றான். பன்னிருவருள் முதலில் மறைச்சாட்சியாக உயிர்நீத்தவர் அவரே.

அவர் இஸ்பானியாவில் நற்செய்தி அறிவித்தார் என்பதற்கு முதல் நூற்றாண்டுகளின் எழுத்துச் சான்று இல்லை. ஏழாம் நூற்றாண்டளவிலேயே இம்மரபு ஏடுகளில் தலைகாட்டுகிறது. மேலும் பவுல் உரோமையருக்கு எழுதிய மடலில், பிறர் இட்ட அடித்தளத்தின்மேல் கட்ட விரும்பாத தாம் இஸ்பானியா செல்லவிருப்பதாகக் குறிப்பிடுகிறார். அங்கு ஏற்கெனவே ஒரு திருத்தூதர் பணியாற்றியிருந்தால் பவுல் அவ்வாறு எழுதியிருப்பாரா என்று அறிஞர்கள் வினவுகின்றனர். அவர் உடலைச் சீடர்கள் படகிலேற்றிக் கலீசியக் கரைக்குக் கொணர்ந்தனர் என்பது பக்தி மரபு. எருசலேமிலுள்ள ஆர்மேனியப் பேராலயமோ அவர் தலை தங்களிடமே உள்ளதென்று இன்றும் போற்றி வருகிறது.

கல்லறை கண்டறியப்பட்ட நிகழ்ச்சி ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. பெலாயோ என்னும் வனத்துறவி காட்டின்மேல் விந்தையான ஒளியைக் கண்டு, இரியா பிளாவியா மறைமாவட்ட ஆயர் தெயோதெமீரிடம் அறிவித்தார். ஆயர் அங்கு ஒரு பழங்கல்லறையைக் கண்டு அது யாக்கோபுடையதே என்று உணர்ந்தார். அஸ்தூரியாஸ் மன்னர் இரண்டாம் அல்போன்சோ வந்து வணங்கி அதன்மேல் ஒரு சிறு கோயிலை எழுப்பினார். இவ்வாறு மரபு கூறுகிறது. 'விண்மீன் வயல்' என்னும் இலத்தீன் தொடரே கொம்போஸ்தேலா ஆயிற்று என்பர். அடக்க இடம் என்று பொருள்தரும் சொல்லே அதன் மூலம் என்பாரும் உளர்.

இக்கதையில் வரும் ஆயர் தெயோதெமீர் உண்மையில் வாழ்ந்தவரா என்றுகூட முன்னர் ஐயுற்றனர். 1955ஆம் ஆண்டு பேராலயத் தளத்தின்கீழ் நடந்த அகழ்வாய்வில் அவருடைய கல்லறைப் பலகையே வெளிப்பட்டது. அவர் 847இல் இறந்தார் என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் உரோமையர் காலத்துக் கல்லறைகளும் காணப்பட்டன. இக்கண்டுபிடிப்பு யாக்கோபு அங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று நிறுவவில்லை. ஆனால் அந்த ஆயர் தம் ஆயரக நகரை விட்டு இக்காட்டுக் கல்லறையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பதை நிறுவுகிறது. ஏமாற்றுகிறவன் தன் எலும்புகளை அங்கே வைக்கச் சொல்வானா? அவர் நம்பினார் என்பதாவது நமக்குத் தெரிகிறது.

தோள்களில் சென்ற மணிகள்

நம்பிக்கை தூயதாயிருந்தும் காலம் கொடியதாயிருந்தது. 711இல் தொடங்கிய படையெடுப்பால் இஸ்பானியாவின் பெரும்பகுதி முஸ்லிம் ஆட்சியின்கீழ் இருந்தது. வடக்கே மலைகளுக்கிடையே ஒடுங்கியிருந்த சிறிய கிறிஸ்தவ அரசுக்குத் திருத்தூதரின் கல்லறை பெரிய ஊன்றுகோலாயிற்று. 997ஆம் ஆண்டு ஆகஸ்டில், கோர்தோபாவின் ஆற்றல்மிக்க அமைச்சர் அல்மன்சூர் படையோடு வந்து நகரைத் தீக்கிரையாக்கிக் கோயிலை இடித்தார். கல்லறையின் அருகே ஒரு முதிய துறவி மட்டும் இருந்ததாகவும், அவரையும் கல்லறையையும் தொடவேண்டாமென்று அல்மன்சூர் ஆணையிட்டதாகவும் அரபு வரலாற்று மரபு கூறுகிறது. கோயிலின் மணிகளையோ, சிறைப்பட்ட கிறிஸ்தவர்களின் தோள்களில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே பெரிய பள்ளிவாசலில் அவை விளக்குகளாயின என்பர். 1236இல் மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ கோர்தோபாவைக் கைப்பற்றினார். அவர் அந்த மணிகளைச் சிறைப்பட்ட முஸ்லிம்களின் தோள்களில் ஏற்றிக் கொம்போஸ்தேலாவுக்குத் திருப்பி அனுப்பினார்.

இருநூற்று முப்பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மணிகள் தென்புறமும் வடபுறமும் சென்றன. சுமந்தவர்கள் மாறினர், சுமை மாறவில்லை. வெற்றி பெற்ற இரு தலைவர்களின் பெயர்களையும் நாம் அறிவோம். மணிகளைச் சுமந்தவர்களுள் ஒருவர் பெயரும் நமக்கு எஞ்சவில்லை.

இக்காலத்தின் இன்னொரு தடயம் பேராலயத்தின் உள்ளேயே இருக்கிறது. 844இல் கிளாவிகோ என்னுமிடத்தில் நடந்த போரில் யாக்கோபு வெண்குதிரைமேல் தோன்றி எதிரிகளை வெட்டி வீழ்த்தினார் என்றொரு கதை பிற்காலத்தில் எழுந்தது. அப்படியொரு போரே நடக்கவில்லை என்பது இன்றைய வரலாற்றறிஞர் பெரும்பாலோரின் முடிவு. ஆயினும் 'மூர்களைக் கொல்பவர்' என்ற பட்டம் திருத்தூதருக்கு ஒட்டிக்கொண்டது. அவர் பெயரால் 1170இல் போர்வீரர் சபை தோன்றியது. அவர் பெயரை முழங்கியே இஸ்பானியப் படையினர் பின்னர் அமெரிக்கக் கண்டத்திலும் வாள் வீசினர். போர்த்துக்கீசியர் வழியே நம் கடலோரப் பங்குகள் சிலவற்றுக்கும் குதிரைமேல் வாளேந்திய சந்தியாகப்பர் வந்துசேர்ந்தார்.

பேராலயத்தின் ஒருபுறத்தே பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பீனோ என்னும் சிற்பி செதுக்கிய அத்தகைய சுரூபம் உள்ளது. நாங்கள் அதன்முன் நின்றோம். குதிரை பாய்கிறது, வாள் ஓங்கியிருக்கிறது. குதிரையின் காலடியிலோ மலர்கள் குவிந்திருந்தன. மலர்களுக்குக் கீழே வெட்டுண்டு கிடக்கும் மூர்களின் உருவங்கள் இருக்கின்றன. 2004இல் இச்சுரூபத்தை அகற்றிவிட எண்ணம் எழுந்தது, எதிர்ப்புக் கிளம்பியதால் கைவிடப்பட்டது. அன்றுமுதல் மலர்கள் அவ்வுருவங்களை மறைக்கின்றன.

ஏரோதின் வாளால் இறந்தவரின் கையில் வாளைக் கொடுத்தது யார்? நெருப்புக் கேட்டதற்காக ஆண்டவரே கடிந்துகொண்ட சீடரை மீண்டும் நெருப்புக் கேட்பவராக்கியது யார்? நாமே. நம் அச்சங்களும் பகைகளும் புனிதர்களுக்குத் தம் ஆடையை அணிவித்துவிடுகின்றன. மலர்களால் மூடுவது நாணத்தின் அடையாளம். நாணம் மனமாற்றத்தின் தொடக்கமாகலாம். ஆனால் மலர்களுக்குக் கீழே இருப்பதை நாம் மறந்துவிடலாகாது என்று தோன்றியது.

வாயிலில் அமர்ந்தவர்

இப்போதைய பேராலயத்தின் கட்டுமானம் 1075இல் தொடங்கியது. 1120இல் திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துஸ் இந்நகரை உயர்மறைமாவட்டமாக்கினார். தியேகோ ஹெல்மீரெஸ் அதன் முதல் பேராயர். 1211இல் கோயில் அருள்பொழிவு செய்யப்பட்டது. முகப்பின் உட்புறத்தே, 1168 முதல் 1188 வரை சிற்பி மத்தேயோ உழைத்து உருவாக்கிய 'மாட்சியின் வாயில்' உள்ளது. நீண்ட புதுப்பிப்புப் பணி 2018இல் நிறைவுற்றது. இப்போது நுழைவுச்சீட்டுப் பெற்றே அதைக் காண இயலும்.

நடுவே தம் காயங்களைக் காட்டியவாறு கிறிஸ்து வீற்றிருக்கிறார். அவரைச் சுற்றி நற்செய்தியாளர் நால்வர். மேலே வளைவில், திருவெளிப்பாட்டின் மூப்பர் இருபத்துநால்வர் இசைக்கருவிகளோடு ஒருவரோடொருவர் உரையாடுவதுபோல் அமர்ந்திருக்கின்றனர். கிறிஸ்துவின் கீழே, நடுத்தூணின்மேல், ஊன்றுகோலுடன் யாக்கோபு அமர்ந்திருக்கிறார். வலப்புற இருக்கையைக் கேட்டவரைச் சிற்பி வாயிலில் அமர்த்திவிட்டார்! வருவோரை வரவேற்கும் கதவுக்காரர் போல. கையில் வாளில்லை. குருமடத்தில் பல ஆண்டுகள் கற்ற திருப்பணி பற்றிய இறையியலை இத்தூண் எமக்கு ஒரு பார்வையில் நினைவூட்டியது. தூணின் பளிங்கில் ஐந்து விரல்கள் பதியும் குழி ஒன்று உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் திருப்பயணிகள் கைவைத்துச் செபித்ததால் தேய்ந்த குழி அது. இன்று அதைத் தொட அனுமதியில்லை. கண்ணால்தான் கைவைத்தோம்.

அவ்வாறு கைவைத்தவர்கள் யார்? 951ஆம் ஆண்டளவில் பிரான்சிலிருந்து வந்த ஆயர் கோதெஸ்கால்க், அயல்நாட்டிலிருந்து வந்தோருள் நாம் பெயரறிந்த முதல்வர். போர்த்துகல் நாட்டு அரசி புனித இசபெல் 1325இல் வந்தார். திருப்பயணியின் ஊன்றுகோலோடேயே பின்னர் அடக்கம் செய்யப்பட்டார். சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா தம் கணவரோடு வந்தார். இவர்களோடு, நேர்த்திக்கடன் தீர்க்க வந்தோர், நோய் நீங்க வந்தோர், செல்வரிடம் கூலி பெற்று அவர்களுக்காக நடந்தோர், குற்றத்திற்குத் தண்டனையாகப் பிளாண்டர்சு நாட்டு நகர மன்றங்களால் அனுப்பப்பட்டோர் என எத்தனையோ பேர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'கலிஸ்துஸ் ஏடு' என்னும் நூலின் ஐந்தாம் பகுதி இவர்களுக்கான வழிகாட்டி. எந்த ஆற்று நீர் குடிக்கத் தக்கது, எது நஞ்சு, எந்தப் படகோட்டிகள் அளவுக்கு மீறி ஆளேற்றி மூழ்கடித்துப் பொருளைப் பறிப்பர் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. பேராலயத்திலிருந்து 2011இல் களவுபோன இவ்வேடு மறு ஆண்டு மீட்கப்பட்டது.

இப்பயணிகளுக்காகவே வழியெங்கும் துறவற இல்லங்களும் மருத்துவ விடுதிகளும் எழுந்தன. பேராலயச் சதுக்கத்திலேயே மன்னர் பெர்னாண்டோவும் அரசி இசபெல்லும் 1499இல் ஆணையிட்டுக் கட்டிய பெரிய மருத்துவமனை உள்ளது. இன்று அது உயர்தர உணவுவிடுதி. 1954 முதல் அப்படி. அதன் வாயிலருகே நின்று விலைப்பட்டியலைப் படித்துவிட்டு, வேறொரு தெருவில் முட்டைக்கோசுச் சாறும் ரொட்டியும் உண்டோம்.

மறைக்கப்பட்ட எலும்புகள்

கல்லறையின் வரலாறு இன்னும் ஒருமுறை திரும்புகிறது. 1589இல் ஆங்கிலேயத் தளபதி டிரேக்கின் படை அருகிலுள்ள கொருஞா துறைமுகத்தைத் தாக்கியபோது, பேராயர் சான்கிளமெந்தே திருப்பண்டங்களை மறைத்து வைத்தார். மிக நன்றாக மறைத்துவிட்டார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அவை எங்கிருக்கின்றன என்று எவருக்கும் தெரியாது போயிற்று! 1879 சனவரியில் பீடத்தின் பின்புறம் அகழ்ந்தபோது எலும்புகள் கிடைத்தன. ஆய்வுகளுக்குப்பின் 1884 நவம்பர் முதல் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் லெயோ அவற்றை உண்மையானவை என ஏற்றார். இன்று பீடத்தின் கீழறையில் வெள்ளிப் பேழையில் அவை உள்ளன. திருத்தந்தையின் அவ்வறிவிப்பு பெரிதும் மதிக்கத்தக்கது. ஆயினும் அது விசுவாசக் கோட்பாடு அன்று. எந்த எலும்பையும் நம் நம்பிக்கை அறிக்கையில் திருச்சபை சேர்க்கவில்லை.

இதில் ஒன்று எம்மை ஈர்த்தது. அந்த முந்நூறு ஆண்டுகளிலும் திருப்பயணிகள் வருவது முற்றிலும் நின்றுவிடவில்லை. எலும்புகள் இருக்குமிடம் தெரியாத கோயிலுக்கும் மக்கள் நடந்து வந்தார்கள்; ஒப்புரவு பெற்றார்கள், நற்கருணை உட்கொண்டார்கள், திரும்பினார்கள்.

நாங்கள் படிகளில் இறங்கி வெள்ளிப் பேழையின் முன் முழந்தாளிட்டோம். எமக்கு முன்னே ஓர் இளம்பெண், காலில் கட்டுடன், நெடுநேரம் அசையாதிருந்தாள். அவள் எழுந்தபின் நாங்கள் பங்கு மக்களின் கருத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செபித்தோம். அப்போது பேழைக்குள் யார் என்ற ஆராய்ச்சி உள்ளத்தில் எழவில்லை. திருப்பலியில் நாங்களும் கூட்டாகப் பங்கேற்றோம். திருப்பலியின் இறுதியில், 1851இல் செய்யப்பட்ட, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய தூபக்கலசத்தை எட்டுப் பேர் கயிற்றால் இழுத்து, கோயிலின் குறுக்கே ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை வீசச் செய்தனர். முந்தைய கலசம் 1809இல் பிரெஞ்சுப் படையினரால் கவரப்பட்டது. கலசம் தலைக்குமேல் பறந்தபோது பலரும் கைப்பேசியை உயர்த்தினர். எம்முள் ஒருவர் தம்மையறியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

கோயில்பிள்ளைக்குச் சொன்ன விடை

ஊர் திரும்பியதும் கோயில்பிள்ளை காத்திருந்தார். அவரிடம் எதையும் மறைக்கவில்லை. எலும்புகள் யாக்கோபுடையவை என்று வரலாற்றால் நிறுவ முடியாது என்றோம். கல்லறையைக் கண்டவர் நேர்மையாக நம்பினார் என்றோம். நம்பிக்கையின் பெயரால் மணி சுமந்தவர்களின் தோள்களைப் பற்றியும் சொன்னோம். மலர்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றியும் சொன்னோம். வாயிலில் ஊன்றுகோலோடு அமர்ந்திருப்பவரைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு அவர் கேட்டார்: "அந்தக் காலத்துல நடந்து போனவங்க, திரும்பியும் நடந்துதான சாமி வந்திருப்பாங்க?"

ஆம் என்றோம். இன்றைய பயணிக்குக் கொம்போஸ்தேலா பாதையின் முடிவு. அங்கிருந்து அவர் வானூர்தி ஏறிவிடுகிறார். நாங்களும் அப்படித்தான் வந்தோம். இடைக்காலப் பயணிக்கோ அது பாதிவழி. அதே மலைகள், அதே ஆறுகள், அதே படகோட்டிகள் அவருக்காகக் காத்திருந்தனர். அவ்வளவு தொலைவும் நடந்து, தாம் விட்டுச் சென்ற அதே வீட்டுக்கு, அதே அண்டை வீட்டாரிடம், தீராத அதே வழக்கிடம் அவர் திரும்ப வேண்டியிருந்தது. கல்லறை தந்த அருள் உண்மையானதா என்பது அங்கேதான் தெரிந்திருக்கும்.

இதை எழுதும்போது எம் பங்கின் நிலை கண்முன் நிற்கிறது. புனிதரின் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, தேரை முதலில் தொடுபவர் எந்தத் தெருவார் என்ற பூசல் காவல் நிலையம் வரை சென்ற ஆண்டு உண்டு. வலப்புறமும் இடப்புறமும் அமர இடம் கேட்ட குரல் இன்னும் நம் நடுவே ஒலிக்கிறது. அன்று அக்குரல் யாக்கோபுடையது. அதை அவர் விட்டுவிட்டார். நாம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் எலும்புகள் எங்கே உள்ளன என்று கேட்கும் நாம், அவர் குடித்த கிண்ணம் நம்மிடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டாமா?

சூலை 25ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டே கொம்போஸ்தேலாவின் புனித ஆண்டு. அடுத்தது 2027இல் வருகிறது. அங்கு செல்ல வாய்க்கும் ஒரு சிலர் செல்லட்டும். பாதையில் மஞ்சள் அம்புக்குறிகள் இருக்கின்றன. செல்ல இயலாத நமக்கோ, நம் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு ஒரு பாதை உண்டு. பல ஊர்களில் அதுவும் முட்புதர் மண்டி மறைந்துபோயிருக்கிறது. அதை மீண்டும் திறக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இவ்வாண்டுத் திருவிழாவுக்குமுன் ஒருநாள் மாலை இரு தெருவாரும் ஒன்றாக நடந்து வந்து கோயில் முற்றத்தில் அமர வேண்டுமென்று அறிவித்திருக்கிறோம். எத்தனை பேர் வருவார்கள் என்று அறியோம். கோயில்பிள்ளை மட்டும் முற்றத்தைப் பெருக்கி, பாய்களை வெயிலில் உலர்த்தி வைத்துவிட்டார்.